சிவப்பு வார்

படகுத்துறைக்கு வருகிற ஆண்கள் அவளுக்குப் பிடிக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். தூண்டில் கம்புக்குப் பிடி செய்து கொடுப்பவள் என்பதால் வந்த பேர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. எதிரே வந்தால் 'அம்மா', 'தங்கச்சி' என்று குழைவார்கள். நான் அக்கா என்பேன். ஒரே தகரக் கொட்டகையை இரண்டாகத் தடுத்து இந்தப் பக்கம் நான் மீனுக்கு இரை விற்கிறேன். அந்தப் பக்கம் அவள் செருப்பும் பையும் தைக்கிறாள். நடுவில் இருப்பது வெறும் ஒட்டுப்பலகை. அவள் தும்மினால் என் புழு டப்பா ஆடும்.

செருப்புத் தையல் வயிற்றுப்பாட்டுக்கு. ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தது தூண்டில்தான். விரல் மடங்காதவர்கள், மடங்கினால் நிமிராதவர்கள், முட்டிக்கு முட்டி வீங்கியவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து பாதி எழுந்தவர்கள் எல்லாம் அவளைத் தேடி வருவார்கள். கையில் பிடிமானம் போய்விட்டாலும் மீன் பிடிக்கிற பைத்தியம் மட்டும் போகாத ஜென்மங்கள். அவர்களுக்கு அவள் கம்பின் அடிக்கட்டையை நீட்டி, பிளாஸ்டிக் குழாயைப் பாதியாகப் பிளந்து, சூடுகாட்டி வளைத்து, முன்கை உட்காருகிற மாதிரி ஒரு தொட்டில் செய்து பூட்டுவாள். உள்ளே நுரை ரப்பர், மேலே இரண்டு வார். வாரை இழுத்துக் கட்டினால் விரலுக்கு வேலையே இல்லை. கையே கம்பு ஆகிவிடும். கம்பில் நூல் சுற்றியிருக்கிற ராட்டையின் கைப்பிடியில் ஒரு ரப்பர் பந்தைத் துளைத்துச் செருகிவிடுவாள். உள்ளங்கையால் தள்ளியே நூலைச் சுற்றலாம்.

வேலை தங்கம். வாய்தான் அரம். வருகிறவனின் கையில் தன் இரண்டு விரலைக் கொடுத்து, "அழுத்துங்க" என்பாள். அந்த ஆள் முகம் சிவக்க அழுத்துவான்.

"அழுத்துங்கன்னு சொன்னேனே."

"அழுத்திட்டுத்தானே இருக்கேன்."

"இதுவா? கொசு உக்காந்தாக்கூட இதவிட பாரமா இருக்கும்."

அவளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் வலது காது வாசலைப் பார்க்கிற மாதிரி முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். வந்தவர் எவ்வளவு மெல்லச் சொன்னாலும் கேட்டுவிடும். கை போன ஆண்கள் எப்போதும் மெல்லத்தான் சொல்வார்கள். பக்கத்தில் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, ஏதோ வெளியில் சொல்லக்கூடாத வியாதி மாதிரிக் கிசுகிசுப்பார்கள். அதைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் அவளிடம் பொறுமை இருந்தது.

அவளிடம் ஒரு சட்டமும் இருந்தது. சிவப்பு வார் இல்லாமல் ஒரு கம்பும் கடையைவிட்டு வெளியே போகாது. கையோடு கட்டிய கம்பை ஒரு பெரிய மீன் இழுத்தால் ஆளையும் சேர்த்துத்தானே இழுக்கும். பிடி உள்ளவன் கையை விட்டுவிடுவான், பிடி இல்லாதவன் எதை விடுவது? அதற்குத்தான் கட்டின் நுனியில் நாக்கு மாதிரித் தொங்கும் அந்தச் சிவப்புத் துணி. அடுத்த கையாலோ பல்லாலோ அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் கட்டு முழுதும் கழன்று கம்பு போய்விடும், ஆள் தப்பிவிடுவான்.

அதைச் சோதிக்கிற விதம் இருக்கிறதே, அது போலீஸ்காரனுக்கும் தோன்றாது. கொட்டகையின் பின்பக்கம் துறைப்படிக்கு இறங்குகிற பள்ளம். அங்கே ஒரு கப்பி. கம்பைக் கையில் கட்டி, நூலைக் கப்பியில் போட்டு, நுனியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பாள். அந்த ஆள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது மூட்டையை எட்டி உதைத்துவிடுவாள். சிவப்பு வாரை இழுத்தவன் தேறினான். இழுக்க மறந்தவன் பள்ளத்து விளிம்புவரை முழங்காலில் போனான். ஒரு கணக்கு வாத்தியார் சிராய்ப்போடு எழுந்து கத்தினார். "தண்ணியில இப்படிப் போயிருந்தா என்னைத் திட்ட வாய் இருந்திருக்காது சார். மறுபடி நில்லுங்க" என்றாள். இன்னொருத்தர் பல்லால் இழுத்தார். வாரோடு பல்செட்டும் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். சிரித்து முடித்துவிட்டு, அவருக்கு மட்டும் பெருவிரல் நுழைகிற மாதிரி வாரில் ஒரு வளையம் தைத்துக் கொடுத்தாள்.

இப்படி எத்தனையோ கம்பு போயிற்று, எல்லாவற்றிலும் சிவப்பு வார் இருந்தது. ஒன்றே ஒன்றில் இல்லை. அது அவள் புருஷனின் கம்பு.

துறையில் ராசா என்றால் அவர்தான். ஒரு காலத்தில் அவர் நூல் போட்ட இடத்தில் இன்னொருத்தர் போடமாட்டாராம். ராட்டையின் பிரேக்கை முழுக்க முறுக்கி வைத்திருப்பார். மீன் இழுக்க இழுக்க நூலை விட்டுக்கொடுத்து, அது களைத்தபின் சுருட்டுவதுதான் எல்லாரும் செய்வது. இவர், "மீனுக்கு நூல் விடுறவன் ஆம்பளையா?" என்பார். அகலமான கை அவருக்கு. அந்தக் கையைப் பற்றித் துறையில் இன்றைக்கும் பேசுவார்கள்.

துறைக்கும் ஒரு சட்டம் உண்டு. அடுத்தவன் கம்பை எவனும் தொடக்கூடாது. மீன் மாட்டியிருக்கும்போது வேறொருவன் விரல் பட்டுவிட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. ஆள் தடுமாறினால் இடுப்பைப் பிடிக்கலாம், தோளைப் பிடிக்கலாம், கம்பைத் தொடக்கூடாது. கம்புக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான்.

நான் இங்கே கடை போட்ட புதிதில் அக்காவை இடது பக்கமிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. சின்ன வயதில் ஜுரம் வந்து காது போய்விட்டது என்று ராசா சொன்னார். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மழை நாள், வியாபாரம் இல்லை. பேச்சுவாக்கில் அவளிடமே கேட்டேன்.

"ஜுரமாக்கா?"

"ஜுரம்தான். ஆனா எனக்கு இல்ல, அவருக்கு. பெரிய மீன் ஒண்ணு நழுவிப் போயிடுச்சு, அந்த ஜுரத்தோட வீட்டுக்கு வந்தாரு. நான் சிரிச்சேன்னு நினைச்சுக்கிட்டாரு."

"சிரிச்சீங்களா?"

"கொட்டாவி விட்டேன்டி."

ஊசியை மெழுகில் இழுத்துக்கொண்டே சொன்னாள். ஒரு கொட்டாவிக்கு ஒரு காது.

அதற்கப்புறம் அந்தக் கைக்கே காலம் வந்தது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். முதலில் வலது கை விரல்கள் சுருண்டன, பிறகு இடது கை. டம்ளர் நழுவியது, சட்டைப் பொத்தான் நழுவியது. அக்கா ஊட்டினாள், குளிப்பாட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இவள் அல்லவா பெண்டாட்டி என்றார்கள். கையால் முடியாததை ராசா வாயால் செய்தார். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓயாது. அந்த வாயிலிருந்து தப்பத்தான் அக்கா முதல் கம்பைச் செய்தாள். அன்பு, பாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "கடலப் பாத்து உக்காந்தா கடல் கேட்டுக்கும். எனக்கு ஒரு காதுதான் இருக்கு, அதையாவது காப்பாத்தணுமே" என்றாள்.

அந்த முதல் கம்பில் இருந்தது பைக்குப் போடுகிற இரும்புப் பக்கிள். அதுவும் கைக்கு அடிப்பக்கம். காலையில் அவரைத் துறைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கட்டிவிட்டு வருவாள். சாயங்காலம் போய் அவிழ்ப்பாள். நடுவில் அவர் மூக்கு அரித்தாலும் அப்படியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மீன் மாட்டியது. ராசா மறுபடி ராசா ஆனார். அதைப் பார்த்துத்தான் மற்ற கை போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களுக்குச் செய்யும்போதுதான் சிவப்பு வார் என்ற யோசனையே அவளுக்கு வந்தது.

அவர்கள் நினைத்தபோது கழற்றினார்கள், பீடி பற்றவைத்தார்கள், ஒதுங்கப் போனார்கள். ராசா கட்டிய இடத்தில் கிடந்தார். ஒரு நாள் வீட்டில் கேட்டிருக்கிறார், எனக்கும் அந்தச் சிவப்பு வாரை வைத்துக் கொடு என்று. அக்கா ஒரே ஒரு விலைதான் சொன்னாள். காது எப்படிப் போனது என்பதைத் துறையில் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அன்றைக்கே சிவப்பு வார் தைத்துவிடுவாள்.

"முடியாதுன்னுட்டாரு" என்று என்னிடம் சொன்னாள். "பரவாயில்ல. நான் எங்கேயும் போகல, அவரும் எங்கேயும் போக முடியாது."

"மன்னிப்பு கேக்கச் சொல்லலாமேக்கா."

"அது எதுக்குடி எனக்கு? வெச்சுத் தைக்கவா? எல்லாரும் ஜுரம்னு நினைச்சுட்டு இருக்காங்க. நாலு பேர் காதுல விழணும், அவர் வாயாலயே விழணும். அவ்வளவுதான்."

அதற்குமேல் அவளுக்கு ஆசை என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நகை கேட்கவில்லை, நாடு சுற்றக் கேட்கவில்லை. மழை வந்து போயிற்று, வெயில் வந்து போயிற்று. ஒவ்வொரு காலையும் பக்கிளை மாட்டுவதற்கு முன்னால் அவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். அவர் கடலைப் பார்ப்பார். அவள் பக்கிளை மாட்டுவாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய பஸ் கண்டக்டர், "என்ன ராசா, கட்டிப் போட்டாச்சா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தக் கண்டக்டரின் வலது கையும் பலம் குறைந்துகொண்டுதான் வந்தது. அதை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா அவிழ்க்கப் போனபோது நானும் இரை வாளியைக் கழுவ வெட்டுக்கத்தியும் கையுமாகத் துறைக்குப் போனேன். நாங்கள் பெஞ்சுக்குக் கொஞ்சம் தள்ளி வரும்போதே கம்பு வளைந்துவிட்டது. வளைந்தது என்றால் சும்மா இல்லை, நுனி தண்ணீரைத் தொட்டது. திருக்கையாக இருக்க வேண்டும். தரையில் ஒட்டிக்கொண்டு, மாடு மாதிரி இழுக்கிற ஜாதி. ராசா பெஞ்சிலிருந்து எழுந்தார், இல்லை, எழுப்பப்பட்டார். இரண்டு எட்டில் துறை விளிம்பின் கைப்பிடிக் கம்பியில் போய் நெஞ்சு மோதியது. கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

"பிரேக்கை விடட்டுமா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"எவனும் கம்பைத் தொடக் கூடாது" என்றார் ராசா.

தொடவில்லை. சட்டம் அல்லவா? மூன்று ஆண்கள் ஆளை இந்தப் பக்கம் இழுத்தார்கள், மீன் கையை அந்தப் பக்கம் இழுத்தது. நடுவில் தோள் ஒன்று இருக்கிறதே, அதை யாரும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ராசாவின் முகம் சாம்பலாகிவிட்டது.

"அவுத்து விடுடி."

அக்கா அவசரப்படவில்லை. நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். இடது காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் காது கேக்காதுங்க. ஏன் கேக்காதுன்னு சொல்லுங்க."

நான் நூலை அறுக்கக் கத்தியோடு முன்னால் போனேன். அவள் என்னைப் பார்த்து, "நில்லும்மா" என்றாள். நின்றேன். ஏன் நின்றாய் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

"ஜுரம்" என்றார் ராசா. கை பிய்ந்துகொண்டிருக்கும்போதும் ஜுரம் என்றார்.

"யாருக்கு?"

கம்பு இன்னொரு முறை கீழே இழுத்தது. அவர் நெற்றி கம்பியில் பட்டு ரத்தம் வந்தது. அப்போதுதான் வாய் திறந்தது. "நான்தான். நான்தான் அறைஞ்சேன். ஓங்கி அறைஞ்சேன், காது போச்சு. போதுமாடி? அவுத்து விடு."

துறை முழுவதும் கேட்டது. அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மெல்லத் திரும்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்தாள். அவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தாள். ஒரு 'அடப்பாவி', ஒரு 'ஐயோ', அதுவும் இல்லாவிட்டால் ஒரு தலைகுனிவு.

கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "இது என்ன புதுசாம்மா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அடிச்ச மறுநாளே இவனே இங்க வந்து சொல்லிட்டானே, ஒரே அறையில காதை அடைச்சுட்டேன்னு. முதல்ல ஆளை அவுத்து விடும்மா, கை போயிடும்."

மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு மீன்மீதுகூடக் கோபம் வரவில்லை, இவர்கள்மீது வந்தது. ஜுரக் கதை இவர்களுக்காகக் கட்டியதே இல்லை. என்னை மாதிரிப் பின்னால் வந்தவர்களுக்குக் கட்டியது. இவர்களுக்கு உண்மை சிரிப்பாக முதல் நாளே பரிமாறப்பட்டுவிட்டது. இதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தினமும் அவளை 'தங்கச்சி' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ராசா இத்தனை நாள் சொல்ல மறுத்தது வெட்கத்தால் இல்லை. ஊருக்குத் தெரிந்ததைச் சொல்வதில் அவருக்கு என்ன நஷ்டம்? அவள் கேட்டாள், அதனால் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

அக்கா குனிந்து பக்கிளைக் கழற்றினாள். இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவைதான் கழன்றது. கம்பும் தொட்டிலும் வாரும் கம்பியைத் தாண்டிக் கடலுக்குள் போயின. ராசா பின்பக்கமாக மற்றவர்கள்மேல் விழுந்தார். கை மட்டும் அவரோடு விழவில்லை, தனியாகத் தொங்கியது.

தோளில் எல்லாம் அறுந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இனிமேல் அந்தக் கை தானாக உயராது. அக்கா சொன்ன வார்த்தை மாறாதவள். மறுநாளே புதுத் தொட்டில் ஒன்று வளைத்து, மெத்தென்ற நுரை ரப்பர் வைத்து, அதில் சிவப்பு வார் தைத்தாள். நல்ல அகலமான வார், இரட்டைத் தையல். அதை அவர் படுத்திருக்கும் கட்டிலுக்கு எதிரே ஆணியில் மாட்டினாள். "கேட்டீங்களே, தெச்சாச்சு" என்றாளாம். கையை உயர்த்த முடியாத மனிதர் நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். வாய் இப்போது அதிகம் பேசுவதில்லை.

நான் பார்த்தவரை அவள் அழவில்லை. கடைக்கு வந்த முதல் நாள் முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். இப்போது வாசலைப் பார்ப்பது இடது காது. எனக்குப் பலகையில் கைமுஷ்டி அளவுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தாள், அது வலது காதுப் பக்கம். எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் அந்த வழியாகப் பேசிக்கொள்வேன்.

பஸ் கண்டக்டருக்குக் கை இந்த வருஷம் மோசமாகிவிட்டது. போன வாரம் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். துறையில் நல்ல கூட்டம், பெஞ்சு நிறைய ஆட்கள். வழக்கம்போலத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாசலில் குனிந்து, மெல்ல ஏதோ சொன்னார்.

"என்னண்ணே? இந்தக் காது கேக்காது. சத்தமாச் சொல்லுங்க."

கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்.

"கேக்கலையே."

"பிடி இல்லம்மா."

"எதுல?"

"கையில."

"இன்னும் சத்தமா."

பெஞ்சிலிருந்த அத்தனை தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. கண்டக்டர் கழுத்து நரம்பு புடைக்க, பஸ்ஸின் பின்படியிலிருந்து முன்னால் இருப்பவனுக்குச் சொல்கிற குரலில் கத்தினார். "என் கையில பிடி இல்லம்மா. டம்ளர்கூட நிக்க மாட்டேங்குது. என் சம்சாரம்தான் பொத்தான் போட்டு விடுறா."

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது என்னண்ணே புதுசா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாள். "கம்பை வெச்சுட்டுப் போங்க."